கதவெண்ணும் கல்லறையும்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

தம்பி எழுதுகிறேன். தலைநகரின் தூசியையும் என் சீனியர் வக்கீலின் கோபத்தையும் தவிர எனக்கு வேறு நோய் இல்லை. உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ரயில்வே சலவைக் கூடத்தில் இன்னும் நின்றுகொண்டேதான் விரிப்புகளை மடிக்க வேண்டியிருக்கிறதா? அண்ணனுக்கு வேகன் பட்டறையில் ஷிப்ட் மாற்றிக் கொடுத்தார்களா? சின்னத்தையின் காது எப்படி? வேண்டாதது மட்டும் இன்னும் கேட்காமல்தான் இருக்கிறதா?

நிரந்தரவாசிச் சட்டம் நிறைவேறிவிட்டது. இனி நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டுமானால் ஒரு குடும்பம் இரண்டைக் காட்ட வேண்டும்: ஒரு கதவெண், ஒரு கல்லறை. வீட்டுக்கு நகரசபை கொடுத்த எண் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவராவது ஊர் எல்லைக்குள் புதைக்கப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தில் நம்மைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அவ்வளவு நாகரிகமாக எழுதியிருக்கிறார்கள். நம் ரயில்வே லைன் வீட்டு ஜனங்கள் இறந்தவர்களை எரித்துச் சாம்பலை ஆற்றில் விடுபவர்கள் என்பது சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் நம் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பது தற்செயல். ஆற்றோடு போனவர்களைக் கணக்கில் எடுத்தால் நம் முன்னோர் அத்தனை பேருக்கும் கடலில்தான் ஓட்டு.

செங்கல் சூளைக்காரர்களுக்கு நேர் எதிர். அவர்களுக்குக் கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது, கதவெண் இல்லை. முதலாளி நிலத்தில் போட்ட கொட்டகைக்கு யார் எண் கொடுப்பார்கள்? அதற்குக் கதவே கிடையாது.

ஆக நம்மிடம் பாதிக் குடிமகன் இருக்கிறான், அவர்களிடம் மீதிப் பாதி. அடுத்த நகரசபை லைன் வீடுகளை இடித்துவிட்டுச் சரக்குக் கிடங்கு கட்டப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஓட்டு இல்லாதவன் வீட்டை இடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால் சீனியர் வழக்குப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். அண்ணன் பெயரில் மனு தயார். ஆனால் நாம் தனியாகப் போனால், 'இது உங்கள் வழக்கத்தின் குறை, சட்டத்தின் குறை அல்ல' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சூளைக்காரர்களும் கூட வர வேண்டும். அவர்கள் மேஸ்திரியிடம் யாராவது பேச வேண்டும். அண்ணனுக்குப் பேச வராது. சின்னத்தை பேசினால் அது வேறொரு வழக்காகிவிடும். எனவே நீங்கள்தான்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இடுப்பைத் தவிர எல்லோரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது வாய் நிறையச் சட்டம்தானா?

ஞாயிற்றுக்கிழமை சூளைக்குப் போனேன். மேஸ்திரி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். "வாங்கம்மா லைன் வீடு. வெள்ளைத் துணியோட வந்திருக்கீங்க, போகும்போது எங்க கலர்ல போவீங்க" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பெத்த தாயையே கொளுத்திட்டு வர்ற ஜனங்களோட எங்களுக்கு என்னம்மா கூட்டு?" என்றார்.

சின்னத்தையை வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். அது அவள் காதில் விழவில்லை. இது விழுந்துவிட்டது. "நாங்க கொளுத்துறோம். நீங்க செங்கல் மாதிரி அடுக்கி வெச்சிருக்கீங்க. எதுய்யா மரியாதை?" என்று கேட்டாள்.

சுற்றி நின்றவர்கள் ஓர் அடி முன்னால் வந்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரித்தார். "இந்தக் கிழவிய சாட்சியா போடுங்க, ஜட்ஜு ஊர விட்டே ஓடிருவாரு" என்றார். அதற்குப் பிறகு பேச்சு நடந்தது.

அவர் கேட்பது இது: சூளைக் குடும்பங்களை நம் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களாக எழுதிக்கொள்ள வேண்டும், அதனால் அவர்களுக்குக் கதவெண் கிடைக்கும். பதிலுக்கு அவர்கள் அடக்க நிலத்தில் நமக்கு இடம் தருவார்கள். நான் சரி என்றேன். லைனில் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது, நம்மவர்களுக்கும் மற்றவரைக் கீழே வைத்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டிருக்கிறது. "மண்ணு மிதிக்கிறவனுக்கு நம்ம நம்பரா?" என்று குழாயடியில் ஒரே கூச்சல். உன் அண்ணன் நேரே போய் நம் வீட்டுப் பதினான்காம் எண்ணில் மேஸ்திரி குடும்பத்தை முதலில் எழுதிக்கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கூச்சல் முணுமுணுப்பாகிவிட்டது.

நீ கறுப்புக் கோட்டுப் போட்டு அவர் பார்த்ததே இல்லையாம். ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். பட்டறையில் காட்ட வேண்டுமாம்.

அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் கேட்டதற்காகவே இன்று மதியம் சாப்பிட்டேன். சீனியரின் அறை குடை ரிப்பேர்க் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே குடைக்காரர் கம்பி நிமிர்த்துகிறார், மேலே நாங்கள் சட்டத்தை நிமிர்த்துகிறோம். மழை வந்தால் கூட்டம் அவரிடம்தான்.

முதல் விசாரணை முடிந்தது. நீதிபதி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் மக்களால் புதைக்க முடியவில்லையா, புதைக்க விருப்பமில்லையா? யாராவது புதைத்துவிட்டு வந்து ஓட்டுக் கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டார்களா?" வெளியில் மழை பெய்கிறது என்று சொன்னாலே "ஆதாரம்?" என்று கேட்கிற மனிதர் சீனியர். அவரிடமே ஆதாரம் இல்லை.

இப்போது அவர் சொல்வது: ஒரே ஒரு கல்லறை போதும். கதவெண்ணும் உள்ள, கல்லறையும் உள்ள ஒரே ஒரு லைன் குடும்பம் ஓட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் வழி திறந்தது. மறுத்தால் சட்டத்தின் நோக்கம் நீதிமன்றத்திலேயே அம்மணமாக நிற்கும். அடுத்த விசாரணை ஜூன் கடைசியில். எனவே சின்னத்தையிடம் கலந்து பேசி ஒரு தேதி கேட்டுச் சொல்லுங்கள். அவருக்கு வசதிப்படுமானால் மே மாதத்துக்குள் இருப்பது நல்லது. சமுதாயத்துக்கு இதைவிடப் பெரிய சேவை செய்ய அவருக்கு இனி வாய்ப்பு வராது.

மேஸ்திரியையும் மனுவில் சேர்க்க ஒரு கூட்டு வாக்குமூலம் வேண்டும். இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். படம் அடுத்த தபாலில் வரும் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை வழக்கம்போல உரக்க வாசித்தேன். தேதி கேட்ட இடத்தில் உன் அண்ணன் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. அவரை அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. அடுத்த நாள் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

சின்னத்தை உன்னிடம் இரண்டு விளக்கம் கேட்கிறாள். ஒன்று: "சாகணும்னு கட்டாயமா, இல்ல சும்மா கொஞ்ச நேரம் படுத்துக் காட்டினா போதுமா?" இரண்டு: "நான் செத்து வாங்குற ஓட்ட நானே போட முடியாதே. இது தெரியாம இவன் என்னத்தப் படிச்சான்?" இரண்டாவதற்கு நீயே பதில் எழுது.

வாக்குமூலம் இதோடு வருகிறது. யார் பெயர் முதலில் வருவது என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. நம்மவர்கள் எழுந்து போனார்கள், பிறகு அவர்கள் எழுந்து போனார்கள், பிறகு எழுந்து போனவர்கள் எல்லோரும் ஒரே தேநீர்க் கடையில் சந்தித்துக்கொண்டார்கள். கடைசியில் மேஸ்திரி தாளின் மேல் வாளியைக் கவிழ்த்து விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டார். எல்லோரும் அந்த வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். யாரும் முதல் இல்லை, யாரும் கடைசி இல்லை. தாளைத் திருப்பித் திருப்பித்தான் படிக்க வேண்டும். உங்கள் ஆட்களுக்குக் கழுத்து வலித்தால் நாங்கள் பொறுப்பில்லை.

வருகிற திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்து பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பங்களைக் கொடுப்பதாக இருக்கிறது. முன்னால் உன் அண்ணன் போகிறார். இஸ்திரி போட்ட சட்டை கேட்டிருக்கிறார்.

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இங்கே ஒரு நாளிதழில், சோப்பு விளம்பரத்துக்குக் கீழே, நம் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். 'பதிவாளர் அலுவலகத்தில் சிறு சலசலப்பு. அமைதி நிலைநாட்டப்பட்டது' என்று ஐந்து வரி. அமைதியை நிலைநாட்டும்போது யாருக்காவது அடிபட்டதா? ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் வட்டம் நீதிமன்ற அலுவலகத்தையே கலக்கிவிட்டது. குமாஸ்தா அதை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது எங்க ஆரம்பிக்குது?" என்றார். "எங்கும் ஆரம்பிக்கவில்லை" என்றேன். "ஆரம்பிக்காத ஆவணத்த நான் எப்படிப் பதிவு பண்றது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல், மேஸ்திரி பெயரை முதலில் போட்டு வரிசையாகத் தட்டச்சு செய்து கொடுத்தேன். அண்ணன் ஒன்றும் நினைக்க மாட்டார். நம்மவர்களிடம் சொல்ல வேண்டாம். அசல் வட்டத்தைச் சீனியர் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

படம் எடுக்கப் போனேன். கடை பூட்டியிருந்தது.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. சலவைக் கூடத்தில் பாய்லர் கெட்டுப்போய் எல்லாம் கையால் துவைக்க வேண்டியதாகிவிட்டது.

அன்றைக்கு அலுவலகப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் தடியோடு ஆட்கள் நின்றார்கள். போலீஸ் எதிர்க் கடையில் நிழலில் நின்றது. கொஞ்சம் தள்ளுமுள்ளு. உன் அண்ணன் முன்னால் போனதால் விழுந்துவிட்டார். விலாவில் அடி. வைத்தியர் படுத்திருக்கச் சொல்லியிருக்கிறார். கவலைப்பட ஒன்றும் இல்லை.

அந்தக் களேபரத்தில் ஒரு நல்லது நடந்தது. எல்லோரும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரியின் மனைவி பின்பக்க ஜன்னலுக்குப் போய்ச் சூளைக்காரர்களின் விண்ணப்பக் கட்டை நீட்டியிருக்கிறாள். உள்ளே இருந்தவன் பயத்தில் எல்லாவற்றிலும் முத்திரை குத்திவிட்டான்.

உன் அண்ணன் உன் பழைய கடிதங்களை எடுத்து வாசிக்கச் சொல்கிறார். சின்னத்தைக்குத் தேதி கேட்ட கடிதத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். சிரித்தால் விலா வலிக்கிறது என்று கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோட்டுப் படம் வந்ததா என்று கேட்டார்.

நீ வர வேண்டாம். உன் வேலை அங்கே இருக்கிறது.

அண்ணி


மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் விழுந்த செய்தி கேட்டு வருத்தம். இதோடு வலித் தைலம் ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்த்துவிடுங்கள். வேகன் சக்கரம் காலில் உருண்டபோதே, சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்ட மனிதர் அவர். விலா எலும்பெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா? இரண்டு வாரம் படுத்திருக்கச் சொல்லுங்கள். பட்டறை ஓடிவிடாது.

இங்கே எனக்கு மூச்சுவிட நேரமில்லை. சீனியர் தினமும் காலையில் வணக்கத்துக்குப் பதிலாக "கல்லறை?" என்று கேட்கிறார். அது இல்லாமல் ஜூனில் போய் நிற்பது வெறுங்கையோடு முழம் போடுவது. அடக்க நிலத்தில் லைன்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் எது என்று மேஸ்திரி காட்டிவிட்டாரா? சின்னத்தை இன்னும் பிடிவாதமாகத்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறாரா? வயதானவர்களுக்கு நேரத்தின் அருமை தெரிவதில்லை.

படம் கட்டாயம் இந்த மாதம்.

தம்பி


மே 19

தம்பிக்கு,

அண்ணி எழுதுவது.

நீ கேட்ட கல்லறை கிடைத்துவிட்டது. சூளைக்காரர்கள் தோண்டினார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று கொடுத்தார். இதோடு இருக்கிறது. லைன்காரர்களின் பெயரை நகரசபையில் எழுதுவதில்லை என்று உனக்குத் தெரியும். 'கதவெண் 14, ஒருவர்' என்று எழுதியிருக்கிறது. வீட்டுத் தலைவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு ஓட்டுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

விசாரணை முடியும்வரை ஊருக்குக் கிளம்பி வராதே.

படம் அனுப்ப வேண்டாம்.

அண்ணி


மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். யார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமலே புரிந்துகொண்டேன். நான் விளையாட்டாகக் கேட்டதை விதி காதில் வாங்கிக்கொண்டது.

எங்கள் வீட்டின் பழைய மரம் சாய்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் என் தலையில் குட்டி அனுப்பிய கை அது. திட்டியே அன்பு செய்யத் தெரிந்த மனம் அது. தன் வழக்கத்தை விட்டுக் கொடுத்து மண்ணுக்குள் போகச் சம்மதித்தாரே, எங்கள் சட்டப் புத்தகங்கள் எல்லாம் அந்தச் சம்மதத்தின் முன் வெறும் காகிதம். வாழ்ந்து முடித்த உயிர் என்று ஆறுதல் கொள்வோம். இந்த வரிகளை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு சிறு விஷயம். விண்ணப்பத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். படிக்கட்டில் அவர் முகத்தைக் குறித்து வைத்திருப்பார்கள் என்று நீங்கள் போனீர்கள் போலும். அதுவும் சரிதான். அவரை மனம் தளர வேண்டாம் என்று சொல்லுங்கள். தைலத்துக்கு வலி கேட்டதா?

சீனியர் சான்றிதழைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இருபது வருடத்தில் அவர் ஒரு காகிதத்துக்காக எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லையாம்.

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

நலமா? நீ எழுதிய இரங்கலை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கேட்டு அழாதவர்கள் இல்லை. நன்றாக எழுதியிருந்தாய்.

பதிவாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. காரணம் கேட்டேன். "அடக்கம் பண்ணி பத்து வருஷம் ஆகியிருக்கணும்மா" என்றார். சட்டத்தில் அப்படி இல்லையே என்றேன். "விதியில இருக்கு." விதி எப்போது வந்தது என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தார். "காலையில."

மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். அனுப்பியிருக்கிறேன். நீ கேட்ட ஆதாரம் இதுதான் என்று நினைக்கிறேன். நன்றாக வாதாடு. வேறு எதையும் நினைக்காதே.

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. வெற்றி என்று சொன்னால் பொய். தோல்வி என்று சொன்னால் மேஸ்திரி கோபித்துக்கொள்வார்.

வாடகைக்கு இருப்பவருக்கும் கதவெண் உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. விண்ணப்பத்தில் முத்திரை விழுந்த சூளைக் குடும்பங்கள் அத்தனைக்கும் ஓட்டு உண்டு. நம் விஷயத்தில், பத்து வருட விதி செல்லும். காரணத்தைத் தீர்ப்பிலிருந்து அப்படியே தருகிறேன்: 'இத்தகைய கால வரம்பு இல்லாவிடில், வாக்குரிமை பெறும் பொருட்டு மக்கள் அவசரப்பட்டு இறக்கும் நிலை ஏற்படலாம்.' நம் உயிர் மீது அரசுக்கு இருக்கும் அக்கறையை இத்தனை நாள் நாம்தான் புரிந்துகொள்ளவில்லை.

நான் நன்றாகத்தான் வாதாடினேன், அண்ணி. அந்தக் கல்லறையைப் பற்றிச் சொல்லும்போது நீதிமன்றத்தில் ஒருவர்கூட இருமவில்லை. கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. அண்ணன் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். படம் எதற்கு, கோட்டோடு நேரிலேயே வந்து நிற்கிறேன் என்று சொல்லுங்கள். நான் கவனிக்காமல் இல்லை: ஏப்ரலுக்குப் பிறகு அண்ணனிடமிருந்து 'விசாரித்ததாகச் சொல்' என்று ஒரு வார்த்தைகூட உங்கள் கடிதத்தில் வரவில்லை. வட்டத்தை வரிசையாக்கினேன் என்று கோபமா? வந்து காலில் விழுகிறேன்.

தம்பி


ஜூலை 24

தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. ரயில் ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடு. படித்துவிட்டு உட்கார்ந்துவிடாதே, ரயில் ஏறு.

ஸ்டேஷனுக்கு உன்னைக் கூப்பிடச் சின்னத்தை வருகிறாள். பார்த்துப் பயந்துவிடாதே. அவள் உயிரோடுதான் இருக்கிறாள். கல்லறையில் இருப்பது உன் அண்ணன்.

அன்றைக்குப் படிக்கட்டில் அவர் விழவில்லை. விழவைத்து, விழுந்த பிறகும் அடித்தார்கள். விலா முறிந்து உள்ளே குத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் இடம் இல்லை என்று சொன்னார்கள். கதவெண்ணைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்கள். ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் கிடந்தார். உன் தைலம் வந்தது. விலா மேல் கை வைக்க முடியாததால் காலில் தேய்த்தேன். சுகமாக இருக்கிறது என்றார்.

மேயில் ஒரு நாள் மூச்சு வாங்கிக்கொண்டே கூப்பிட்டார். "தம்பி கேட்ட கல்லறைய நானே குடுத்துடறேன். சின்னத்தைய நம்பி கேஸ் நடத்த முடியாது" என்றார். சின்னத்தை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அன்றைக்கு நன்றாகக் காது கேட்டது. "டேய், என் முறைடா" என்றாள். அவர் கேட்கவில்லை. அவர் யாருடைய வரிசையையும் முந்தி நான் பார்த்ததில்லை. அது ஒன்றுதான்.

லைனில் பெரிய ரகளை. "மண்ணுக்குள்ள போட்டா அவனுக்கு மூச்சு முட்டாதா?" என்று உன் பெரியப்பா வாசலை மறித்துக்கொண்டு அழுதார். சாம்பல் இல்லாமல் எதை ஆற்றில் விடுவது என்று கேட்டார்கள். நம்மவர்கள் தோள் கொடுக்க வரவில்லை. சூளையிலிருந்து வந்தார்கள். தெரு முனைக்குப் போன பிறகு உன் பெரியப்பா பின்னால் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சலவைக் கூடத்து விரிப்பில்தான் சுற்றினோம். ரயில்வே முத்திரையை உள்பக்கம் மடித்துவிட்டேன். தொலைந்த கணக்கில் எழுதியிருக்கிறேன்.

குழிக்குள் மேஸ்திரி செங்கல் பதித்து வைத்திருந்தார். அன்றுதான் சூளை பிரித்த கல். கை வைத்தேன், சூடு ஆறவில்லை. ஏன் என்று அவரைப் பார்த்தேன். "நெருப்புல வெந்த கல்லும்மா. உங்க வழக்கமும் ஆச்சு, எங்க வழக்கமும் ஆச்சு" என்றார். அதுவரை நான் அழவில்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் வந்திருப்பாய். வழக்கு தள்ளிப்போயிருக்கும். தள்ளிப்போனால் அவர் செத்தது வீண். இது நான் மற்றவர்களுக்குச் சொல்லும் காரணம். உனக்கு இன்னொன்று: நீ எழுதிய அந்த வேடிக்கையை நீ இனி எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பாய் என்று பயந்தேன். இப்போதும் பயப்படுகிறேன். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். அதைக் கேட்டு அவர் சிரித்தது நிஜம். கடைசி வரையில் அவரைச் சிரிக்க வைத்தது அது ஒன்றுதான்.

உன் இரங்கலை வாசித்தபோது சின்னத்தையும் கேட்டு அழுதாள். 'பழைய மரம்' என்ற இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னாள். "அது எனக்கு எழுதுனது. அத எனக்கு எடுத்து வை. மிச்சத்த அவனுக்குக் குடு" என்றாள். அப்படியே செய்தேன்.

நேற்று மேஸ்திரி வந்திருந்தார். பதினான்காம் எண்ணில் இப்போது ஓட்டு உள்ளவர் அவர். வாசலிலேயே நின்று, "யாருக்குப் போடணும்னு சொல்லும்மா" என்றார். அது ரகசியம், என்னிடம் கேட்கக் கூடாது என்றேன். "இது இந்த வீட்டு ஓட்டு. வீட்ட இடிக்கறவனுக்குப் போட மாட்டேன். அதுக்கு மேல நீங்க சொல்லுங்க" என்றார். நீங்களே யோசித்துப் போடுங்கள் என்றேன். இத்தனை பேர் அடிபட்டது, ஒருவர் ஓட்டை இன்னொருவர் சொல்லிப் போடுவதற்காக இல்லை. போகும்போது, வட்டம் போட்ட வாளியை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போனார். வாடகையாம்.

கோட்டோடு வா. வெயில் என்று வழியில் கழற்றாதே. ஸ்டேஷனிலிருந்து நேரே அங்கே போவோம், வீட்டுக்குப் பிறகு வரலாம். அங்கே பெயர் இல்லை, செங்கல் விளிம்புதான் இருக்கும். சின்னத்தை இடம் காட்டுவாள். பக்கத்து இடத்தை அவள் இப்போதே தன் பெயருக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

பத்து வருடம் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் இனி எங்கேயும் போகப் போவதில்லை. அதனால் நாங்களும் போக முடியாது. கிடங்கு கட்ட வருகிறவர்களிடம் அதைத்தான் சொல்வேன்.

சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறு.

அண்ணி